கஞ்சி போட்ட துணியும் கறுப்புக் காரும்

எங்கள் சந்துக்கு வெயில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் வரும். ஒரு பக்கம் சுக்குக் கிடங்கின் சுவர், எதிர்ப்பக்கம் மிளகுக் கிடங்கின் சுவர். காலை ஒன்பது மணி வாக்கில் இரண்டுக்கும் நடுவே ஒரு வேட்டி அகலத்துக்கு வெயில் இறங்கும். கல்தரையில் மெல்ல ஊர்ந்து வரும். ஒன்பதரைக்கு யாரோ கொடியிலிருந்து உருவிக்கொண்டு போனமாதிரி காணாமல் போய்விடும். கொச்சி மட்டாஞ்சேரியில் மற்ற தெருக்களுக்கு எப்படியோ, எங்களுக்கு வெயில் ஒரு விருந்தாளி.

அன்று புதன்கிழமை. கையில் சாயா கிளாஸ். தகரக் கொட்டகைக்குள் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, புகை அடைக்கிறதே என்று நாலு முழம் முன்னால் நகர்த்தி நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். வெயில் வந்தது. முதலில் பம்பரைத் தொட்டது. பிறகு பூனை ஏறுவதைப்போலச் சத்தமில்லாமல் பானெட்டில் ஏறி உட்கார்ந்தது.

கறுப்புக்குள் ஆயிரம் வெள்ளி வட்டங்கள்.

ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. நடுவில் சின்னதாக ஒரு சூரியன். நான் தலையைச் சாய்த்தால் சூரியனும் சாய்ந்தது. வட்டங்களும் கூடவே மிதந்து போயின. கிணற்றில் கல் போட்டுவிட்டு, அந்த அலையை அப்படியே உறையவைத்தால் இப்படித்தான் இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் கால் நிமிடம் நான் ரசித்தேன். கடவுளே காரில் கோலம் போட்டிருக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். கோலம் அழியவில்லை.

அவை கீறல்கள். முடியைவிட மெல்லிய கீறல்கள். பானெட் முழுக்க, கதவு முழுக்க. வாங்கி மூன்றே மாதம் ஆன கார். அதுவும் என் கார் இல்லை, என் மனைவியின் கார். அவள் ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து திரும்பி வருகிறாள்.

சாயா ஆறிப்போனது. நான் ஆறவில்லை.

முதல் சந்தேகம்

பதற்றம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது, வாய் வேலை செய்யும். எங்கள் சந்தில் ஐந்து ஆடுகள் உண்டு. யாருடையவை என்று ஊருக்கே தெரியாது. மட்டாஞ்சேரி ஆடுகள் அப்படித்தான், நகராட்சி உறுப்பினர்கள்போல எங்கும் படுத்திருக்கும். அவற்றில் தாடி வைத்த ஒன்று எப்போதும் கார் ஓரமாகவே படுக்கும்.

"நீதானே?" என்று அதைக் கேட்டேன்.

அது அசைபோட்டது. குற்றவாளிகள் இப்படித்தான் அலட்சியமாக இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. கொம்பைப் பிடித்து பானெட்டுக்குப் பக்கத்தில் அளந்து பார்த்தேன். கொம்பு பென்சில் கனம். கீறல் நூல் கனம். ஆட்டை விடுதலை செய்ய வேண்டியதாயிற்று.

மீதி இருந்த சந்தேக நபர் ஒருவன்தான். அவன் தோளில் ஒரு வெள்ளைத் துணி கிடந்தது.

செங்கல் மேல் நின்ற மாப்பிள்ளை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: என் மனைவி செல்வி ஈரோட்டுக்காரி. களமசேரியில் ஒரு மசாலா கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. என்னைவிட நல்ல உயரம். எங்கள் கல்யாணப் போட்டோவில் நான் ஒரு செங்கல் மேல் நிற்கிறேன். போட்டோவில் செங்கல் தெரியாது. ஆனால் என் முகத்தில் செங்கல் மேல் நிற்பவனின் கவனம் நன்றாகவே தெரியும்.

மட்டாஞ்சேரியிலிருந்து களமசேரிக்குப் பல வருடங்கள் பஸ்ஸில் போய்வந்தாள். கலூர் ஸ்டாண்டில் இறங்கி, ஓடி, அடுத்த பஸ்ஸில் தொங்கி. ஒரு நாள் சாயங்காலம் மழையில் நனைந்து வந்து, செருப்பைக் கழற்றாமலேயே சொன்னாள்: "நான் டிரைவிங் படிக்கப் போறேன்." நான் வழக்கம்போல ஏதோ ஜோக் அடித்தேன். அவள் படித்தாள்.

கேரளாவில் லைசென்ஸ் வாங்க ஆங்கில எழுத்து எச் வடிவத்தில் கம்பிகள் நட்டு, அதற்குள் காரை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். முதல் தடவை செல்வி இரண்டு கம்பிகளைச் சாய்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். நான் அதைச் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புப் பந்தியில் நடித்துக் காட்டினேன். அப்பளத்தைக் கம்பியாக நட்டு, முருங்கைக்காயைக் காராக ஓட்டி. பந்தியே உருண்டது. செல்வியும் சிரித்தாள். இந்தத் தொடரின் இரண்டாவது வாரத்திலும் அதை எழுதினேன். நீங்களும் சிரித்தீர்கள், கடிதங்கள் வந்தன.

அதற்கப்புறம் டெஸ்ட் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. ஒரு நாள் தபாலில் லைசென்ஸ் கார்டு வந்தது. என்னை ஆச்சரியப்படுத்தத்தான் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்காகப் போன சனிக்கிழமை ஈரோட்டுக்கு ரயிலேறினாள். போகும்போது கார்ச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. மிக்ஸியைப் பழுது பார்க்கிறேன் என்று நான் செய்ததையும், அவளுடைய வெள்ளைச் சேலை நீலமான கதையையும் அறிந்தவர்களுக்கு அந்தச் சாவியின் எடை புரியும்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க. துடைக்கவெல்லாம் வேண்டாம்."

"ஏன், நான் துடைச்சா தேஞ்சுடுமா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

நான் துடைத்தேன். தினமும். பேரன்போடு.

நிற்கும் துணிகள்

என் தொழில் தெரியாதவர்களுக்கு இங்கே ஒரு வரி. நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் போர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பம். இப்போது நான் அங்கேயுள்ள சின்ன ஹோட்டல்களுக்கு விரிப்பும் நாப்கினும் வெளுத்துக் கொடுக்கும் லாண்டரி நடத்துகிறேன்.

எங்கள் கைக்கு வரும் எந்தத் துணியும் கஞ்சித் தொட்டியில் முங்காமல் வெளியே போகாது. அது எங்களுக்கு ஒரு மானப் பிரச்சினை. என் கைக்குட்டையை மேசைமேல் வைத்தால் கூடாரம்போல நிற்கும். என் பனியன் என்னை விட்டுவிட்டுத் தனியாக நடந்து போகும். ஓரம் கிழிந்த ஹோட்டல் நாப்கின்கள்தான் வீட்டில் கைத்துணி. அவையும் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, முறுக்கென்று அடுக்கியிருக்கும். கொச்சியில் எங்கள் வீட்டைவிடச் சுத்தமான துணி எந்த வீட்டிலும் கிடையாது.

அந்தச் சுத்தத்தை எடுத்துக்கொண்டுதான் காலையில் காரிடம் போனேன். சுக்குக் கிடங்கிலிருந்து ராத்திரியெல்லாம் மெல்லிய தூசி பறந்து வந்து காரின்மேல் படியும். தண்ணீர் எதற்கு, என் துணி இருக்கிறதே என்று அழுத்தித் துடைத்தேன். கறகறவென்று ஒரு சத்தம் வரும். அதைச் சுத்தத்தின் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணெய் வைத்தியம்

புதன்கிழமைக்கு வருவோம். சாயங்காலம் செல்வி போன் செய்தாள்.

"கார் எப்படி இருக்கு?"

"ராணி மாதிரி இருக்கு."

"வெயில்ல எடுத்தீங்களா?"

"சேச்சே."

"எடுக்காதீங்க. நிழல்லயே இருக்கட்டும். என்ன?" போனை வைக்கப் போனவள், "வெயில்ல மட்டும் வேண்டாம்," என்றாள் மறுபடியும்.

பெயிண்ட் வெளுத்துவிடும் என்று பயப்படுகிறாள், பாவம், என்று நினைத்தேன். போனை வைத்ததும் என் பதற்றம் இரட்டிப்பானது.

வியாழக்கிழமை காலை எனக்கு ஒரு ஞானம் வந்தது. வறண்ட தோலில் கோடு தெரிந்தால் என்ன செய்கிறோம்? தேங்காய் எண்ணெய். உள்ளங்கையில் ஊற்றி, பானெட்டுக்குத் தீபாவளித் தலைக்குளியல்போலத் தேய்த்தேன். என்ன ஆச்சரியம், கீறல் ஒன்றுகூட இல்லை! கார் கல்யாணப் பெண்போல மினுங்கியது. சந்தில் யாரும் இல்லாததால் ஆட்டின் முன்னால் இரண்டு அடி ஆடினேன்.

பத்து மணிக்குக் கிடங்கில் மூட்டை இறக்கினார்கள். சுக்குத் தூசி, மிளகுத் தூசி, சாக்குப் பிசிறு எல்லாம் வந்து எண்ணெயில் ஒட்டிக்கொண்டன. பதினொரு மணிக்கு என் மனைவியின் கார் மசாலா தடவிய கரிமீன்போலப் பொரிக்கத் தயாராக இருந்தது. தாடிக்கார ஆடு முன்காலைப் பம்பரில் வைத்து அதை நக்கிக்கொண்டிருந்தது.

ஆட்டைத் துரத்திவிட்டு, யாரும் பார்க்கக் கூடாதே என்று ஒரு விரிப்பை எடுத்துக் காரின்மேல் போர்த்தினேன். ஹோட்டல் விரிப்பு. கஞ்சி போட்டது. காயல் காற்று அதைப் பிடித்து மதியம் முழுக்க முன்னும் பின்னும் இழுத்தது. கறகற, கறகற. நான் உள்ளே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பப்படத் துணி

நவாஸ், பஜாருக்குப் பின்புறம் கார் பாலிஷ் கொட்டகை வைத்திருப்பவன். என்னைவிடப் பத்து வயது சிறியவன். என் லாண்டரி வண்டியை வருடம் ஒருமுறை அவனிடம்தான் விடுவேன். வியாழன் சாயங்காலம் காரை அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவன் ஒருமுறை சுற்றி வந்தான். மோந்து பார்த்தான்.

"எந்தா அண்ணாச்சி இது? வண்டியா, வறுவலா?"

"கிண்டல் பண்ணாத நவாஸே. ஞாயித்துக்கிழமை அவ வர்றா."

"எதால துடைச்சு?"

தோளில் கிடந்த துணியைக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு விரலால் மடித்தான். அது மடியவில்லை, முறிந்தது. காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தான்.

"இது துணியா, பப்படமா?"

"சுத்தமான துணிடா. கஞ்சி போட்டது."

"அண்ணாச்சி, தூசிமேல இத வச்சுத் தேச்சா உப்புத்தாள் வச்சுத் தேச்ச மாதிரி. ஆடுகூட இதவிட நல்லா துடைச்சிருக்கும். அதுக்கு நாக்கு மெதுவு."

எங்கள் குடும்பத்தின் பெருமையை ஒருவன் பப்படம் என்கிறான். அதைவிட மோசம், அவன் சொல்வது சரி.

"போகுமா?" என்றேன்.

அவன் நகத்தால் கீறலின் குறுக்கே மெல்ல இழுத்தான். "நகம் மாட்டல. மாட்டாட்டி போகும். மாட்டினா அது நம்மகூட ஜீவிக்கும்."

"அப்ப நல்லா மெழுகு போட்டுடு."

"மெழுகு இப்பப் போட்டா கீறல் உள்ளேருந்து சிரிக்கும். முதல்ல பாலிஷ், பின்னெ மெழுகு." ஆனால் அவனுடைய கூட்டாளி மச்சினன் கல்யாணத்துக்கு வைப்பின் தீவுக்குப் போயிருந்தான். "ஒரு கை குறைவு. நீங்க கூட நின்னா ஞாயிறுக்குள்ள முடியும். பின்னெ ஒண்ணு, உங்க கையில நான் கொடுக்கிற துணி மட்டும்தான் இருக்கணும்."

கறுப்புக்குள் போனவன்

வெள்ளியும் சனியும் நான் வேறு ஒரு உலகத்தில் இருந்தேன்.

முதலில் சோப்புநீர் விட்டு எண்ணெயைக் கழுவினோம். பிறகு களிமண்போல ஒரு கட்டி கொடுத்தான். நீர் தெளித்து அதை மெதுவாக நகர்த்த வேண்டும். பெயிண்டில் கண்ணுக்குத் தெரியாமல் குத்தி நிற்கும் துகள்களை அது உறிஞ்சி எடுக்கும். கழுவிய பிறகும் சொரசொரவென்று இருந்த இடம் கட்டி போன பிறகு வெண்ணெயாகிவிட்டது. கட்டியை மடித்துப் பார்த்தால் உள்ளே எங்கள் சந்து இருந்தது: சுக்கு நிறம், மிளகு நிறம், கொஞ்சம் ஆடு நிறம்.

ரப்பர் விளிம்புகளிலெல்லாம் நீல டேப் ஒட்டினான். சுழலும் மெஷினில் பஞ்சுத் தட்டு மாட்டி, நாலு சொட்டு மருந்து வைத்து, பானெட்டில் ஒரு முழச் சதுரத்தை எடுத்துக்கொண்டான். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, குறுக்கே, நெடுக்கே. துடைத்துவிட்டு விளக்கைக் காட்டினான்.

சதுரத்துக்கு வெளியே சிலந்தி வலை. உள்ளே வெறும் கறுப்பு. ஆழமான, ஈரமான, அசையாத கறுப்பு.

"கீறல் எங்கடா போச்சு?"

"எங்கயும் போகல. பெயிண்டுமேல கண்ணாடி போல ஒரு தோல் உண்டு. கீறல் அதுலதான். நாம கீறல எடுக்கறதில்ல அண்ணாச்சி. அதச் சுத்தி உள்ள மேட்ட எடுக்கறோம். மேடு இல்லாட்டி பள்ளம் ஏது?"

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அரை நாள் மிதந்தேன். மெஷின் ஒரே சுருதியில் ரீங்காரம் செய்தது. கொட்டகையின் தகர ஓட்டையில் இறங்கிய ஒளித்தூணில் பாலிஷ் தூள் மெல்ல ஏறி இறங்கியது. எங்கோ படகு ஊதியது. நான் துடைக்கத் துடைக்கக் கறுப்புக்குள் முதலில் கூரை தெரிந்தது, பிறகு ஓட்டை வழியாக ஒரு துண்டு வானம், பிறகு அதில் ஒரு பருந்து. கடைசியாக, நீருக்கடியிலிருந்து எட்டிப் பார்ப்பவன்போல என் முகம். ஒரு காரைத் துடைக்கிறோம் என்பதே மறந்து, யாருமில்லாத ஏதோ குளத்தின் கரையில் உட்கார்ந்து, கையால் தண்ணீரை விலக்குவது போலிருந்தது.

மதியத்துக்குமேல் என் கையிலும் மெஷினைக் கொடுத்தான். கனவிலேயே பானெட்டின் விளிம்புக்குப் போய்விட்டேன் போலிருக்கிறது.

"கையெடு! கையெடு!"

மெஷினைத் தூக்கினேன். அது என் சட்டையைப் பிடித்துத் தின்னத் தொடங்கியது. நவாஸ் வயரைப் பிடுங்கினான்.

"விளிம்புல பெயிண்ட் மெலிசு. ஒரு நிமிஷம் அதிகம் நின்னா அடிவெள்ளை தெரியும். பின்னெ பாலிஷ் இல்ல, பெயிண்டுதான்."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். விளிம்பைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணைப் பாதி திறந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சட்டைக்குத்தான் ஒரு பொத்தான் போனது. அதுவும் கஞ்சி போட்ட சட்டை. மெஷினால் ரொம்பத் தின்ன முடியவில்லை. எங்கள் குடும்பப் பெருமை ஒரே ஒரு தடவை உதவியது.

மேலே யார்?

சனிக்கிழமை, மேற்கூரை ஒன்றுதான் பாக்கி. நவாஸ் ஒரு பலகைமேல் ஏறி நின்று விளக்கைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, இங்கதான் எல்லாத்தயும்விட மோசம். எதுமேல ஏறித் துடைச்சீங்க?"

"மேல நான் துடைச்சதே இல்லடா. எனக்கு எட்டாது."

அவன் மெஷினை நிறுத்தினான்.

"பானெட்டுல ரெண்டு மாதிரி கீறல் இருந்துது," என்றான் யோசனையாக. "கொஞ்சம் நேர்கோடு. உங்க கை, இஸ்திரிக் கை, நேராத்தான் போகும். அதுக்கு அடியில நிறைய வட்டம். நாலஞ்சு நாள்ல இத்தன வட்டம் வராது அண்ணாச்சி. இங்க மேல வட்டம் மட்டும்தான்."

"அப்ப?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு காரின் கூரையைப் பார்த்தான். பிறகு கல்யாணமான மனிதனுக்கே உரிய ஒரு நிதானத்தோடு, "காக்காயா இருக்கும்," என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டான்.

காக்கை வட்டமாகத் துடைக்காது. எங்கள் வீட்டில் அந்தக் கூரை எட்டுகிற ஆள் ஒருத்திதான்.

மூன்று மாதமாக விடிகாலையில் அவள் எழுந்து வெளியே போகும் சத்தத்தை அரைத்தூக்கத்தில் கேட்டிருக்கிறேன். வாசல் தெளிக்கப் போகிறாள் என்று புரண்டு படுப்பேன். எங்கள் வீட்டுக்கு வாசல் என்று ஒன்று கிடையாது, நேரே சந்துதான் என்பது அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அடுக்கிலிருந்து நாப்கின்கள் குறைவதையும் பார்த்திருக்கிறேன். ஹோட்டல்காரனைத் திட்டியிருக்கிறேன்.

அவள் தன் காரைத் தானே, எங்கள் வீட்டுச் சுத்தமான துணியால், ஆசை ஆசையாகத் துடைத்திருக்கிறாள். ஏதோ ஒரு நாள் வெயிலில் அந்த வட்டங்களைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து காரை நிழலிலேயே வைத்திருக்கிறாள். துடைக்க வேண்டாம். வெயிலில் எடுக்க வேண்டாம். என்ன?

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்ன ஒரு கதை! பந்தியில் சொன்னால் இலை பறக்கும். அப்பளத்தைத் துணியாக வைத்து...

அப்பளம் என்றதும் சிரிப்பு நின்றது.

லைசென்ஸ் கார்டு தபாலில் வந்தது என்னை ஆச்சரியப்படுத்த அல்ல. இதையும் அவள் சொல்லாதது மறதியால் அல்ல. தன் புதுக் காரில் கீறல் விழுந்த வருத்தத்தைச் சொல்லி அழ அவளுக்கு வீட்டில் ஓர் ஆள் இருந்தான். ஆனால் அந்த ஆள் அதை எடுத்துக்கொண்டுபோய் ஊருக்கே பரிமாறுவான். நாலு நாளாகப் பயந்து நடுங்கிய என்னை நினைத்து நானே சிரித்துக்கொண்டிருந்தேனே, அவள் எத்தனை வாரமாக, யாரிடமும் சொல்லாமல் அதே நடுக்கத்தோடு கலூர் வழியாக ஓட்டிப் போய்க்கொண்டிருந்தாளோ.

"நவாஸே, மேல நல்லாப் பண்ணுடா," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"பின்னெ? காக்காய்க்கும் சந்தோஷமாகணுமே."

சாயங்காலம் மெழுகு போட்டோம். மெல்லிசாகப் பூசி, பனி படிந்தமாதிரி அது வெளுக்கும்வரை காத்திருந்து, அவன் கொடுத்த பூனைக்குட்டி போன்ற துணியால் துடைத்தேன். நேர்கோட்டில்தான். கை அப்படியே பழகிவிட்டது.

ஞாயிறு, ஒன்பது மணி

ரயிலடியிலிருந்து ஆட்டோவில் வந்து, சந்து முனையில் இறங்கி, பையோடு நடந்து வந்தாள். நான் காரை வேண்டுமென்றே வெயில் இறங்கும் இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

வெயிலில் காரைக் கண்டதும் அவள் நடை நின்றுவிட்டது. அந்த முகம் எனக்குத் தெரியும். புதன்கிழமை அந்த பானெட்டில் நான் பார்த்த அதே முகம், மீசை இல்லாமல்.

பிறகு மெல்ல வந்தாள். குனிந்தாள். சாய்ந்து பார்த்தாள். கறுப்புக்குள் ஒரே ஒரு சூரியன், சுற்றிலும் ஒன்றுமில்லை. அதன் பக்கத்தில் அவள் முகம்.

அவள் வாய் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். "நான்தான் செல்வி. நீ வேண்டாம்னு சொல்லியும் கஞ்சித் துணியால துடைச்சு எல்லாத்தையும் கீறிட்டேன். நவாஸ்கிட்ட ரெண்டு நாள் நின்னு சரி பண்ணிக் கொண்டுவந்தேன்."

அவள் கதவை ஒருமுறை தடவினாள். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அவளுக்கு அது சுலபம்.

"மேலயுமா?"

"மேலயும்தான்."

"உங்களுக்குத்தான் எட்டாதே."

"ஸ்டூல் போட்டேன்."

"எந்த ஸ்டூலு? நீங்க ரிப்பேர் பண்ணி மூணு கால் ஆன ஸ்டூலா?"

என் வாயில் ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக்கும்கூட. விழுங்கினேன். "ஆமா," என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், விளக்கைத் தாழ்த்திப் பார்ப்பதைப்போல. எங்கேயாவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள் என்று நினைக்கிறேன். பிறகு பையைத் திறந்து, ஈரோட்டிலிருந்து வாங்கிவந்த மஞ்சள் நிற மெத்தென்ற கார்த்துணிகளை எடுத்து, என் கையில் வைத்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

"இதுக்குக் கஞ்சி போட்டீங்க, கொன்னுடுவேன்."

வெயில் போவதற்குள் காரை எடுத்தாள். "ஏறுங்க, சாயா குடிச்சிட்டு வரலாம்." போர்ட் கொச்சிக்கு ஓட்டினாள். மரநிழலும் வெயிலும் மாறி மாறிக் காரின்மேல் ஏறி வழுக்கிப் போயின. வைப்பின் படகுத்துறையில் படகுக்கு நின்ற வண்டிகள் வழியை அடைத்திருந்தன, எங்களையும் நிறுத்தினார்கள். முன்னால் காயல், பளபளவென்று. பானெட்டிலும் காயல்.

ஸ்டீயரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே, முன்னால் பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டாவது தடவையும் நான் எச்சுல கம்பியச் சாய்ச்சேன், தெரியுமா?"

"தெரியாதே."

"முத தடவையவிட அதிகம். இன்ஸ்பெக்டர் வந்து, மேடம், மிச்சத்தையும் சாய்ச்சிட்டுப் போயிடுங்க, எங்களுக்குப் பிடுங்குற வேலை மிச்சம்னாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை, ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு. அவள் பாதி தூரம் சிரித்த பிறகுதான் நான் சேர்ந்துகொண்டேன். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்து முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலை வைத்துக்கொண்டு படித்தாள். ஆடு ஆடியது என்று நான் எழுதியிருந்த இடத்தில், ஆடியது ஆடு அல்ல, நான்தான் என்று திருத்தினாள். விடிகாலைப் பத்தியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போடுங்க. ரெண்டாவது தடவை எத்தன கம்பின்னு மட்டும் எழுதக் கூடாது."

எழுதவில்லை.